தராசில் நிறுத்து விற்கிற கேஸ்

2003-ல் கோயமுத்தூரில் ஒரு கேஸ் ஏஜென்சியில் டெலிவரி வேலைக்குச் சேர்ந்தேன். அடுப்புக்குப் போகிற கேஸ் இல்லை. பட்டறைக்கும் இரும்பு வார்க்கிற பவுண்டரிக்கும் போகிற ஆக்சிஜன், ஆர்கான், அப்புறம் சிஓடூ. பள்ளிக்கூடத்தில் கரியமில வாயு என்று படித்ததுதான். ஆனால் கணபதியிலோ குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலோ போய் அப்படிச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "ரெண்டு சிஓடூ எறக்கிட்டுப் போங்க" என்பதுதான் அங்கே பாஷை. பத்து வருடம் ஆள் வேலை பார்த்துவிட்டு, பிறகு சொந்தமாகச் சின்ன டிப்போ ஒன்று போட்டேன். இந்தக் கேஸோடு பழகிய அளவுக்கு நான் சொந்தக்காரர்களோடு பழகியதில்லை.

சேர்ந்த இரண்டாவது வாரமே சண்டை. கணபதி பக்கம் ஒரு பவுண்டரி. "நேத்து எறக்குன சிலிண்டர் இன்னைக்கு மத்தியானமே காலி. அரை சிலிண்டர் கொடுத்து முழுக் காசு வாங்குறீங்களா?" என்று முதலாளி பிடித்துக்கொண்டார். எனக்கு ரோஷம். இறக்கும்போது ரெகுலேட்டர் மாட்டி, கேஜில் 60 கிலோ பிரஷர் காட்டியதை நானே அவர் ஆளிடம் காட்டியிருந்தேன். கூட இறக்கிய இன்னொரு சிலிண்டர் தொடாமல் நின்றது. "இதையும் பாருங்க, அதே 60" என்று மாட்டிக் காட்டினேன்.

அங்கே கோர் (வார்ப்புக்கு உள்ளே வைக்கிற மணல் அச்சு) போடுகிற வயதான மேஸ்திரி ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். காஸ்டிங் எடை போடுகிற தராசை உருட்டி வரச் சொன்னார். சிலிண்டரை அதன்மேல் நிறுத்தினார். சிலிண்டரின் தோள்பட்டையில் வெறும் எடை எவ்வளவு என்று குத்தியிருக்கும். அந்த எண்ணைக் கழித்தார். மிச்சம் 17 கிலோ. இருக்க வேண்டியது 30.

"தம்பி, கேஜெல்லாம் ஆக்சிஜனுக்குத்தானுங்க. இதுக்குத் தராசு" என்றார்.

விஷயம் இதுதான். ஆக்சிஜன் சிலிண்டருக்குள் கேஸாகவே அடைந்து கிடக்கிறது. பாதி தீர்ந்தால் கேஜும் பாதிக்கு இறங்கும். சிஓடூ அப்படியில்லை, அழுத்தத்தில் திரவமாகி அடியில் தேங்கிவிடும். மேலே கொஞ்சம் கேஸ் நிற்கும். நாம் மேலே எடுக்க எடுக்க, அடியில் இருக்கிற திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பும். திரவம் ஒரு டம்ளர் இருந்தாலும் சரி, முக்கால் சிலிண்டர் இருந்தாலும் சரி, கேஜ் ஒரே எண்ணைத்தான் காட்டும். 20 டிகிரி சூட்டில் அது சுமார் 57 பார் (பட்டறையில் 'கிலோ' பிரஷர் என்பதும் ஏறக்குறைய இதே அளவுதான்). காலையில் கொஞ்சம் கம்மி, மதியம் கொஞ்சம் ஜாஸ்தி. திரவம் முழுக்கத் தீர்ந்த பிறகுதான் முள் இறங்க ஆரம்பிக்கும். அப்போது உள்ளே இருப்பது கால் பங்குதான். "இப்பத்தான் 60 காட்டுச்சு, அதுக்குள்ள போச்சே" என்று சொல்கிற பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை.

அந்த 13 கிலோ எங்கே போனது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. நிரப்பிய இடத்திலா, வால்வு கசிந்ததா. அன்றையிலிருந்து லாரியில் ஏற்றும்போது ஒரு தடவை, இறக்கும்போது வாடிக்கையாளர் முன்னால் ஒரு தடவை எடை போட்டுத்தான் கொடுத்தேன். எங்கள் ஏஜென்சி முதலாளி முதலில் "நேரம் ஆகுது" என்று முணுமுணுத்தார். சண்டைகள் குறைந்ததும் முணுமுணுப்பை விட்டுவிட்டார்.

வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: எடையைப் பாருங்கள். அப்படியே தோள்பட்டையில் குத்தியிருக்கிற ஹைட்ரோ டெஸ்ட் தேதியையும் பாருங்கள். 5 வருடத்துக்கு ஒரு முறை தண்ணீர் அழுத்தத்தில் சோதித்திருக்க வேண்டும். தேதி தாண்டியதை எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இன்னொன்று, கணக்குக்கு மேல் நிரப்பித் தருகிறேன் என்று யாராவது தாராளம் காட்டினால் அவர் உங்களுக்கு நல்லவர் இல்லை. 31 டிகிரியைத் தாண்டினால் சிஓடூவில் திரவம், கேஸ் என்ற பிரிவே போய்விடும். உள்ளே இருப்பது இரண்டுங்கெட்டானாக ஒரு பொருள். அதற்கு விரிய இடம் இல்லாவிட்டால் அழுத்தம் கண்டபடி ஏறும். வால்வில் இருக்கிற பாதுகாப்புத் தகடு அதற்காகத்தான். ஒரு சித்திரை மாத மதியம், வெயிலில் நிறுத்தி வைத்திருந்த சிலிண்டர் ஒன்றில் அந்தத் தகடு பிய்த்துக்கொண்டது. விமானம் தலைக்கு மேலே போவது போல இரைச்சல். சுற்றிலும் வெள்ளைப் புகை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சிலிண்டரை நிழலில் வையுங்கள் என்று அதற்குப் பிறகு யாரிடமும் இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

(அந்த இரண்டுங்கெட்டான் நிலைக்கும் ஒரு பிழைப்பு உண்டு. காபிக் கொட்டையிலிருந்து கஃபீனை மட்டும் உருவி எடுக்கவும், மிளகு, இஞ்சியிலிருந்து சத்தைப் பிரிக்கவும் சிஓடூவை அந்த நிலையில் வைத்துத்தான் செலுத்துகிறார்கள். வேலை முடிந்து அழுத்தத்தைக் குறைத்தால் கேஸாகிப் போய்விடும். பொருளில் ஒரு சொட்டு ஒட்டாது.)

மேஸ்திரியிடம் அதற்கப்புறம் நிறையக் கற்றுக்கொண்டேன். பம்ப், மோட்டார் உடம்பு வார்க்கிற ஊர் இது. வார்ப்புக்கு உள்ளே பள்ளமாக வர வேண்டிய இடத்துக்கு மணலில் ஓர் உருவம் செய்து வைப்பார்கள். அதுதான் கோர். சிலிக்கா மணலோடு நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு சோடியம் சிலிகேட்டைக் கலந்தால் ஈரப் புட்டு மாவு மாதிரி ஆகும். பெட்டியில் போட்டு இடித்து, கம்பியால் துளை குத்தி, அதில் சிஓடூவை விடுவார். சில நொடிகள்தான். விரலால் தட்டிப் பார்த்தால் செங்கல் மாதிரி 'டக்' என்னும். கேஸ் சிலிகேட்டோடு சேர்ந்து மணல் துகள்களுக்கு நடுவே கண்ணாடிக் கூழ் மாதிரி ஒன்றை உண்டாக்கிப் பிடித்துக்கொள்கிறது. அடுப்பு வேண்டாம், சுட வேண்டாம்.

புதுப் பையன்கள் செய்கிற தப்பு, கெட்டியாகட்டும் என்று இன்னும் கொஞ்சம் கேஸ் விடுவது. மேஸ்திரி மண்டையில் குட்டுவார். அளவுக்கு மேல் போனால் கோரின்மேல் வெள்ளையாகப் பூத்துவிடும், தொட்டால் உதிரும். காசும் போச்சு, கோரும் போச்சு. மழைக்காலத்தில் போட்ட கோரை இரண்டு மூன்று நாள் வைத்திருந்தாலும் ஈரம் இழுத்து அதே கதி. இன்னொரு தலைவலி, இரும்பு ஊற்றி ஆறிய பிறகு இந்தக் கோர் லேசில் உடையாது. வார்ப்புக்கு உள்ளேயிருந்து உளியால் கொத்த வேண்டும். அதற்காக மணல் கலக்கும்போதே சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைக் கொஞ்சம் சேர்ப்பார். இரும்பின் சூட்டில் பாகு எரிந்து போய், அந்த இடம் ஓட்டையாகி, கோர் தானே நொறுங்கும். முதல் தடவை அந்த வாசனை வந்தபோது யாரோ பட்டறையில் பாயசம் காய்ச்சுகிறார்கள் என்றே நினைத்தேன்.

அங்கேதான் ரெகுலேட்டர் உறைவதையும் பார்த்தேன். வேகமாகக் கேஸ் எடுத்தால் ரெகுலேட்டர் மேல் ஃபிரீசரில் கட்டுகிற மாதிரி வெள்ளையாகப் பனி கட்டும். உள்ளே அடைத்துக்கொண்டு கேஸ் வராது. உடனே ஒருவன் சிகரெட் லைட்டரையோ கேஸ் டார்ச்சையோ எடுத்துக்கொண்டு ஓடி வருவான். வேண்டவே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணி போதும். தினசரித் தொல்லை என்றால் ஹீட்டர் வைத்த ரெகுலேட்டர் வாங்கிவிடலாம், அல்லது இரண்டு சிலிண்டரை இணைத்துப் பாதிப் பாதி எடுக்கலாம். சிலிண்டரைப் படுக்க வைத்து மட்டும் எடுக்காதீர்கள். கேஸுக்குப் பதில் திரவம் ரெகுலேட்டருக்குள் பாயும்.

வெல்டிங் பட்டறைக் கதை தனி. சிஓடூ வெல்டிங் என்று ஊர் பூராவும் போர்டு இருக்கும். கம்பி உருகுகிற இடத்தைக் காற்று தொடாமல் மூடிக் காப்பதுதான் கேஸின் வேலை. ஆர்கான் கலந்தால் தெறிப்பு குறையும், பார்வையாகவும் இருக்கும். சாதாரண இரும்பு கேட், ஜன்னல் கிரில்லுக்குத் தனி சிஓடூவே போதும், விலையும் கம்மி. ஒரு பங்குனியில் பீளமேட்டுப் பட்டறை ஒன்றிலிருந்து போன் மேல் போன். "உங்க கேஸ்ல தண்ணி இருக்குதுங்ணா, வெல்டு பூராவும் ஓட்டை." போய்ப் பார்த்தேன். நிஜமாகவே ஆப்பம் மாதிரி ஓட்டை. சிலிண்டரை மாற்றினோம், அதே ஓட்டை. ஃப்ளோவைப் பார்த்தேன், நிமிடத்துக்கு 12 லிட்டர், சரியாகத்தான் இருந்தது. கால் மணி நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற பிறகுதான் முதுகில் காற்று படுவதைக் கவனித்தேன். வெயில் தாங்காமல் அந்த வாரம்தான் பெடஸ்டல் ஃபேன் வாங்கி வைத்திருக்கிறார்கள். அது கேஸை அப்படியே அள்ளிக்கொண்டு போகிறது. ஃபேனைத் திருப்பினோம், ஓட்டை நின்றது. ஃபேன் வேண்டும் என்றால் வெல்டருக்கு மேலே, வேலை நடக்கிற இடத்தில் படாமல் வையுங்கள். ஃபேனை விட மாட்டேன் என்று கேஸைக் கூட்டி வைத்தால் அது சுழித்து வெளிக்காற்றையும் சேர்த்து இழுக்கும், ஓட்டை கூடத்தான் செய்யும். சில சமயம் சிலிண்டரில் ஈரம் இருப்பதும் உண்மைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் ஃபேனைப் பாருங்கள்.

சோடாக்காரர்கள் என் வாடிக்கையில் கொஞ்சம் பேர்தான். ஆனால் அவர்களோடு பேச்சு சுவாரசியம். 1767 வாக்கில் இங்கிலாந்தின் லீட்ஸ் ஊரில் ஜோசப் பிரீஸ்ட்லி பக்கத்து பீர் ஆலையின் தொட்டி மேல் மிதந்த கேஸில் தண்ணீரை வைத்துப் பார்த்து ஆரம்பித்த கதை இது. கோலி பாட்டிலுக்கு ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை வாங்கினார். அங்கே அது மியூசியத்துக்குப் போய்விட்டது, நம் ஊரில் இன்னும் பெட்டிக்கடையில் 'டப்' என்கிறது. ஒரு சோடாக்காரர் கோடையில் "கேஸ் ஏறவே மாட்டேங்குது" என்று புலம்பினார். மெஷினையும் கேஸையும் விட்டுவிட்டுத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர், வெந்நீர் மாதிரி. 20 டிகிரித் தண்ணீர் பிடிப்பதைப் போல இரண்டு மடங்கு கேஸை, உறைகிற நிலையில் இருக்கும் தண்ணீர் பிடிக்கும். ஐஸ் போட்டு ஆற வைத்த தண்ணீரைப் பயன்படுத்தச் சொன்னேன். அதே கேஸில் சோடா மூக்கில் ஏறியது.

சோடாவுக்கு பட்டறை சிலிண்டரைக் கேட்கிறவர்களும் உண்டு. "ரெண்டும் ஒண்ணுதானுங்களே, இது நூறு ரூவா கம்மி" என்பார்கள். கேஸ் ஒன்றுதான். ஆனால் சிலிண்டர் எங்கெல்லாம் போய் வந்தது, உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, எதிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்தது என்பதெல்லாம் ஒன்றில்லை. உணவுத் தரம் என்று தனியாக வருவதை, பில்லோடு வாங்குங்கள். பாட்டில் லேபிளில் 290 என்று ஓர் எண் போட்டிருப்பதும் இந்தக் கேஸைத்தான்.

எங்கிருந்து வருகிறது என்பது நானே ரொம்ப நாள் யோசிக்காத கேள்வி. இதற்கென்று யாரும் கரியை எரிப்பதில்லை. உரத்துக்கு அமோனியா செய்கிற ஆலைகளிலும், சாராய ஆலைகளின் புளிப்புத் தொட்டிகளிலும் வீணாக வெளியேறுவதைப் பிடித்து, சுத்தம் செய்து, அழுத்திச் சிலிண்டரில் அடைக்கிறார்கள். அதனால் உர ஆலை படுத்தால் சோடாவும் படுக்கும். 2018 ஜூனில் ஐரோப்பாவில் பல அமோனியா ஆலைகள் ஒரே சமயத்தில் நின்றுபோய், உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கிற நேரத்தில் பிரிட்டனில் பீருக்கும் குளிர்பானத்துக்கும் ரேஷன் போட வேண்டி வந்தது. செய்தியைப் படித்துவிட்டு என் டிப்போவில் நாங்கள் சிரித்தோம். எங்கள் பக்கமும் தட்டுப்பாடு வந்து, சிலிண்டர் நிரப்புகிற ஸ்டேஷன் வாசலில் லாரியோடு இரண்டு நாள் கிடந்தபோது சிரிப்பு வரவில்லை.

இப்போது நான் சொல்ல வெட்கப்படுகிற விஷயம். டிப்போ போட்ட புதிதில் டிரை ஐஸும் வாங்கி விற்றேன். இதே சிஓடூ உறைந்து கட்டியானதுதான் அது. கல்யாண மேடையில் மாப்பிள்ளையும் பொண்ணும் மேகத்தில் நடந்து வருவது போலப் புகை விடுகிறார்களே, அதற்கு. பொள்ளாச்சியில் ஒரு மண்டபம். 20 கிலோவைச் செய்தித்தாளில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் போட்டு, மூடியை லேசாக வைத்து, வேனில் ஏற்றினேன். மூடியை இறுக்கக் கூடாது என்பது தெரியும். இறுக்கினால் பெட்டி வெடிக்கும். ஆக, எனக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கே ஒரு நினைப்பு.

நல்ல மழை. கண்ணாடி நான்கையும் ஏற்றியாகிவிட்டது. ஏசி, அதுவும் வெளிக்காற்று வராமல் உள்காற்றையே சுற்றுகிற பொத்தானில். ஒத்தக்கால்மண்டபம் தாண்டும்போது தலை கனத்தது. மழைக்காலச் சளி என்று நினைத்தேன். கூட வந்த பையன் கொட்டாவி மேல் கொட்டாவி விட்டான். கிணத்துக்கடவு நெருங்கும்போது, சும்மா உட்கார்ந்திருக்கிற எனக்கு மாடிப்படி ஏறியது போல மூச்சு வாங்கியது. பையனைப் பார்த்தேன். ஏசியில் அவன் நெற்றி வேர்த்திருந்தது. அப்போது மூக்கில் ஒரு சுரீர், சோடா குடித்து ஏப்பம் விடும்போது வருமே, அதேதான். நான் சோடா குடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

வேனை ஓரம் கட்டி, நான்கு கதவையும் திறந்துவிட்டு, மழையில் நின்றோம். பத்து நிமிடத்தில் மூச்சு சரியானது. தலைவலி ராத்திரி வரை போகவில்லை.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோ டிரை ஐஸ் கரைந்தால் 500 லிட்டருக்கு மேல் கேஸ். வேனுக்குள் இருக்கிற காற்று மூவாயிரம் நாலாயிரம் லிட்டர். ஒரு மணி நேரத்தில் அரை கிலோ கரைந்தாலே, ஒரு பொட்டு கூட வெளியே போகாவிட்டால், நூற்றுக்கு ஏழு எட்டு பங்கு இந்தக் கேஸ்தான். இடுக்கு வழியாகக் கொஞ்சம் போயிருக்கும், அதனால் தப்பித்தோம். வெளிக்காற்றில் இது பத்தாயிரத்தில் நாலு பங்குதான். எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கிற அளவே நூற்றுக்கு அரைப் பங்கு. நாலு பங்கை உயிருக்கு ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். பத்தைத் தொட்டால் சில நிமிடத்தில் நினைவு தப்பும், ஓரம் கட்ட நேரம் இருக்காது.

அதற்குப் பிறகு டிரை ஐஸை மூடிய வண்டிக்குள் ஏற்றியதே இல்லை. திறந்த ஆட்டோ, பின்பக்கம் தனியாக இருக்கிற டெம்போ, அவ்வளவுதான். வேறு வழியே இல்லை என்றால் கண்ணாடியை இறக்குங்கள், நனைந்தாலும் பரவாயில்லை. மண்டபத்திலும் ஒன்று கவனித்திருக்கிறேன். வெந்நீரில் போட்டதும் வருகிற வெள்ளைப் புகை தண்ணீர்த் திவலைதான். கேஸ் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்தப் புகையோடுதான் தரையில் ஊர்கிறது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். பெரியவர்கள் முழங்காலுக்குப் புகை வந்ததும் போட்டோ எடுப்பார்கள். குழந்தைகள் அதற்குள்ளேயே உட்கார்ந்து விளையாடும். அவர்கள் தலை அந்தக் கனத்துக்கு உள்ளே இருக்கிறது. நான் போன இடங்களில் முதல் வேலையாகப் பிள்ளைகளைத் தூக்கி மேடைக்கு வெளியே விடச் சொன்னேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். டிரை ஐஸைக் கையில் தொடவும் கூடாது. மைனஸ் 78 டிகிரி, தோல் வெந்துபோகும். 2024-ல் குருகிராமில் ஒரு உணவகத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் போடக் கொடுத்தது டிரை ஐஸாகப் போய், ஐந்து பேர் ரத்த வாந்தி எடுத்தார்கள். அதைப் படித்த அன்று டிரை ஐஸ் வியாபாரத்தையே விட்டுவிட்டேன்.

கிணற்றில் இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள் என்று எங்கள் அப்பா சொல்வார். நல்ல பழக்கம்தான். ஆனால் விளக்கு அணையவில்லை என்பதால் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. சுடர் தாக்குப்பிடிக்கிற அளவு சிஓடூவே மனுஷனைக் கீழே தள்ளப் போதும். பவுண்டரிக் குழி, நிலவறை, பழைய கிணறு, எதுவானாலும் கேஸ் அளக்கிற மீட்டர் வைத்துப் பாருங்கள், அது இல்லாவிட்டால் இறங்காதீர்கள். விழுந்தவனைத் தூக்க அடுத்தவன் குதிப்பதுதான் இதில் அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது. 1986 ஆகஸ்டில் கேமரூனில் நியோஸ் ஏரியின் அடியிலிருந்து இந்தக் கேஸ் ராத்திரியில் பொங்கி, பள்ளத்தாக்கில் வழிந்து, தூங்கிக்கொண்டிருந்த சுமார் 1,700 பேரைக் கொண்டுபோனது.

தீயணைப்பானைப் பற்றி இரண்டு வரி. ஆபீஸில், கரண்ட் பேனல் பக்கத்தில் கறுப்பு ஹாரன் (புனல் மாதிரி வாய்) வைத்துத் தொங்குகிறதே, அது இதுதான். அதில் கேஜ் கிடையாது, ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். வருடா வருடம் எடை போடச் சொல்லுங்கள். சர்வீஸ்காரர் எடை போடாமல் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினால் காசு கொடுக்காதீர்கள். அடிக்கும்போது ஹாரனை வெறுங்கையால் பிடிக்காதீர்கள், கை ஒட்டிக்கொள்ளும்.

போன வருடம் வீட்டில் அவளுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். நான்கு துளை போட்டு, கேமரா வைத்துச் செய்வது. மறுநாள் வயிறு வலிக்கவில்லை, வலது தோள்பட்டை வலிக்கிறது என்றாள். எனக்குப் பயம். நர்ஸம்மா சாதாரணமாகச் சொன்னார்: "வயித்தை உப்ப வைக்க கேஸ் விட்டிருப்பாங்க. கொஞ்சம் உள்ளயே நின்னு உதரவிதானத்தை உறுத்துது. அந்த நரம்பு தோள்ல போய் வலி காட்டும். எந்திரிச்சு நடக்கட்டும், ரெண்டு நாள்ல போயிரும்." என்ன கேஸ் என்று கேட்டேன். சிஓடூவாம். எரியாது, ரத்தத்தில் சீக்கிரம் கரைந்து மூச்சில் வெளியே போய்விடும், அதனால்.

நடக்க வைத்தேன். வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தபடி கேட்டாள், "உங்க கேஸுதானா?"

"இல்ல, இது மெடிக்கல் கிரேடு."

"எவ்வளவு விட்டிருப்பாங்க?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். வயிற்றில் ஒரு சமயத்தில் மூணு நாலு லிட்டர் நிற்கும். "ஏழு கிராம் இருக்கும்" என்றேன். 20 வருடத்தில் நான் எடை போட்டதிலேயே அதுதான் கம்மி.